காற்றில் தொங்கிய மத்தி டப்பா

“சாத்தின ஜன்னலைத் திறக்கச் சொல்ல நீ யாருடி? நகராட்சியா?”

“அத்தை, போட்டி முடியற வரைக்கும்தான் கேக்கறேன். அப்புறம் ஆணி அடிச்சுகூடச் சாத்திக்குங்க.”

“வெயில் உள்ள வரும்.”

“வந்தா என்ன? வெயில் என்ன திருடனா?”

“என் மாமியாரோட வாதுமை மர அலமாரி வெளுத்துப்போகும். அந்தம்மா செத்த அன்னிக்கே மத்தியானம் இந்தக் கதவைத் திறக்கல. உன் டிவிக்குத் திறப்பேனா?”

மேலே தோப்ரிலா அத்தை, கீழே விங்கா. புனித ரோக்கு திருநாள் என்பதால் கடற்கரைத் தெருவில் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. தோப்ரிலாவின் முகம் யாருக்கும் தெரியவில்லை. பச்சை ஜன்னல் கதவின் சட்டங்களுக்கு நடுவே ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது. விங்கா அந்த மூக்கோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என் பத்திரிகைக் கடை சரியாக எதிரே இருக்கிறது. கடைக்கு எதிரே நடக்கும் சண்டையைக் கேட்பது ஒட்டுக்கேட்பதில் சேராது; அது வியாபாரத்தில் சேரும்.

விஷயம் இதுதான். எங்கள் முர்த்தேலாவில் ரோக்கு திருநாளன்று சாயங்காலம் படகுப் போட்டி. மேட்டுத்தெருவுக்கு ஒரு படகு, துறைத்தெருவுக்கு ஒரு படகு, படகுக்கு ஆறு துடுப்பு. விரிகுடாவின் வாயிலிலிருந்து கிளம்பி, படகுத்துறை முனைக்கு நேரே வந்தால் முடிந்தது. முடிவுக் கோடு என்று தண்ணீரில் எதுவும் கிடையாது. அது பெப்போ மாமாவின் கண்ணில் இருக்கிறது. அவர் துறை முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, படகுக் கயிறு கட்டும் இரும்புக் கட்டைக்கும் எதிர்ப் பாறையில் நிற்கும் சிலுவைக்கும் நடுவே பார்ப்பார். அவர் சொன்னதே முடிந்த தீர்ப்பு. அந்த முடிந்த தீர்ப்பைப் பற்றிய சண்டை கிறிஸ்துமஸ் வரை முடியாது.

விங்கா டப்ளினில் கணினி விளையாட்டு செய்யும் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவள். வசந்த காலத்தில் ஊருக்கு வந்தாள். லீவில் வந்திருக்கிறாள் என்று அவள் அம்மா எல்லோரிடமும் சொன்னாள். நான் படகிலிருந்து பெட்டிகள் இறங்கியபோதே பார்த்தேன்: கம்பளிக் கோட்டு இரண்டையும் கொண்டுவந்திருந்தாள். லீவுக்கு வருகிறவள் குளிர்காலக் கோட்டைச் சுமந்துகொண்டா வருவாள்? இந்தப் பெண் இங்கேயே தங்கிவிடப் பார்க்கிறது என்று அன்றைக்கே மீன்காரியிடம் சொல்லிவிட்டேன்.

தங்குவதென்றால் பிழைப்பு வேண்டும். எங்கள் ஊரில் வாலிபப் பிள்ளைகளுக்கு இரண்டே பிழைப்பு: கோடையில் சுற்றுலாக்காரர்களுக்குத் தட்டு ஏந்துவது, குளிர்காலத்தில் டப்ளினுக்குப் போவது. விங்கா மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடிக்கப் பார்த்தாள். டிவியில் பெரிய நீச்சல் போட்டி பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மேலேயே ஒவ்வொரு நாட்டின் கொடியும் மிதக்கும். நிஜத்தில் அங்கே ஒன்றும் இருக்காது. ஆக்மென்டட் ரியாலிட்டி என்று அதற்குப் பெயராம். எங்கள் ஊர் அதற்கு “காத்துல எழுதறது” என்று பெயர் வைத்தது. பெரிய சானல்காரர்கள் அதைச் செய்ய சர்க்கஸ் கூடாரம் மாதிரி லாரி லாரியாக வந்து இறங்குவார்கள். சின்ன ஊர், சின்னத் திருவிழா, வெட்டவெளியில் நடக்கிற படகுப் போட்டி, இதற்கெல்லாம் எவன் லாரி அனுப்புவான்? பழைய மொபெட் ஒன்று வாங்கும் விலையில் அதை நான் செய்து காட்டுகிறேன் என்றாள் விங்கா.

செய்தும் காட்டினாள். கணினி, திரை, மின்கலம் எல்லாவற்றையும் ஒரு பழைய குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவாள். முதல் நாள் அவள் வண்டி தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்து ஊரில் பாதிப்பேர் அவள் அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். அந்தம்மா ஒரு வாரம் பூசைக்கே வரவில்லை.

கேமரா ஃப்ரானேயுடையது. ஃப்ரானேதான் எங்கள் ஊர் டிவி: ஓர் ஆள், ஒரு கேமரா, ஒரு மூங்கில் தொப்பி. கல்யாணமும் சவ அடக்கமும் எடுத்து, சிலியிலும் டப்ளினிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இணையத்தில் காட்டுவான். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். விங்காவும் அவனும் கோடை முழுக்க அந்த வண்டியோடு அலைந்ததைப் பார்த்து இந்த வருஷமே இவர்களுக்குக் கல்யாணம் என்று நான் அடித்துச் சொன்னேன். அதை யாரும் இப்போது எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம்.

திருநாளன்று மாவட்ட டிவியிலிருந்து கலோஜெரா என்பவர் வரப்போகிறார் என்று பேச்சு. வந்து பார்த்து அவருக்குப் பிடித்தால், கரை நெடுக நடக்கும் படகுப் போட்டிகளை எல்லாம் விங்காவுக்குக் கொடுப்பார். பிடிக்காவிட்டால் விங்கா செப்டம்பரில் டப்ளினுக்குத் திரும்ப வேண்டும். பழைய கம்பெனி அதுவரைதான் அவளுக்காக இடம் வைத்திருக்கிறது. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. ஃப்ரானேயிடம் சொன்னாள். என் கடைக்குப் பின்னால் நின்று சொன்னால் நான் என்ன செய்வேன்.

விங்காவின் தந்திரம் மலிவானதற்கு ஒரு காரணம் உண்டு. சானல்காரர்களின் கேமராவில், அது எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று சொல்ல ஒரு விலை உயர்ந்த கருவி இருக்கும். இவளிடம் அது கிடையாது. படத்தில் தெரியும் அசையாத பொருட்களைக் கணினிக்குப் பழக்கிவிடுவாள். அதைப் பார்த்து அது தானே கண்டுகொள்ளும்: இந்தச் சுவர் இங்கே தெரிகிறது, அப்படியானால் கேமரா இந்தப் பக்கம் பார்க்கிறது, அப்படியானால் கொடியை இங்கே தொங்கவிட வேண்டும். கடல் அசையும், படகு அசையும், மனிதர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அசையாதது பின்னால் நிற்கும் வீட்டு வரிசைதான். வெள்ளைக் கல் சுவரில் திறந்த ஜன்னல், இரண்டு பக்கமும் பச்சைக் கதவு. இதைவிடப் பளிச்சென்ற அடையாளம் எங்கே கிடைக்கும்? திருநாளன்று காலையில், சூரியன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த நேரத்தில், அலைதடுப்புச் சுவரில் கேமராவை வைத்து வரிசை முழுவதையும் படம் பிடித்தார்கள். கணினி மத்தியானம் வரை அதை மென்று ஜீரணித்தது.

அசையாததாம். எங்கள் ஊர் ஜன்னல்.

கடற்கரைத் தெரு மேற்கே பார்த்தது. வெயில் திரும்பியதும் முதலில் தோப்ரிலா வீட்டுக் கதவுகள் சாத்தப்படும். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்தது. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க ஒரே பச்சைச் சுவர். பொழுது சாய்ந்து அவள் திறந்தால்தான் மற்றவர்கள் திறப்பார்கள். இதை யாரும் விங்காவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. ராத்திரி இருட்டும் என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா? அவள் இங்கே பிறந்தவள்தானே. ஆனால் வெயில் வந்தால் ஜன்னலைத் திறந்து கொண்டாடுகிற ஊரில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு வந்திருக்கிறாள்.

போட்டிக்கு முன்னால் ஒத்திகை பார்த்தபோது மத்தி மீன் டப்பா மாதா கோயில் மணிக்கூண்டில் போய்ச் செருகிக்கொண்டது. மத்தி டப்பா என்றால் விளம்பரம். பக்கத்துத் தீவு மீன் தொழிற்சாலை கொடுத்தது. வீட்டின் உயரத்துக்கு ஒரு டப்பா, துறைக்கு மேலே ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். என் கடையில் வைத்திருந்த திரையில் நானே பார்த்தேன். மணிக்கூண்டிலிருந்து இறங்கிய டப்பா பவனிக்குத் தயாராக நின்ற சாமியார் தலைமேல் உட்கார்ந்தது. துறைத்தெருவின் நீலக்கொடி ஐஸ்கிரீம் கடைமேல் பறந்தது.

“ஃப்ரானே, ஸ்டாண்டைத் தட்டிட்டியா? கேமரா நகர்ந்திருக்கு.”

“நான் தொடவே இல்ல.”

“பின்ன ஏன் இப்படி ஓடுது?”

ஃப்ரானே தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி வீடுகளைப் பார்த்தான். “விங்கா, காலைல இருந்த ஜன்னல் எல்லாம் எங்கே?”

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். பிறகுதான் அவள் அலைதடுப்பிலிருந்து ஓடிவந்து தோப்ரிலாவின் ஜன்னலுக்குக் கீழே நின்றது.

“மறுபடியும் பழக்கிடேன்,” என்றான் பின்னாலேயே வந்த ஃப்ரானே. “சாத்தின கதவையே பழக்கு.”

“அது மெல்ற வேகத்துக்கு நாளைக்குத்தான் முடியும். போட்டி இன்னிக்கு. கொஞ்சம் வாயை மூடிட்டு இரு.”

“நான் மூடிக்கறேன். அத்தையைத்தான் திறக்க வைக்கணும்.”

நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு பெப்போ மாமா அந்த வழியாக வந்தார். கூட்டத்தைக் கண்டதும் நாற்காலியைக் கீழே வைத்து உட்கார்ந்தே விட்டார்.

“ஜன்னல் பாத்துத்தான் உன் மிஷினுக்குக் கோடு தெரியுமா, குட்டி? எனக்கு ஒரு கண்ணு போதும். அதையும் பாதிதான் திறப்பேன்.”

“மாமா, இப்ப வேண்டாம்.”

“நான் ஒண்ணும் சொல்லல. என் கோட்டைக் காத்துல வரையறேன்னியே, காத்து சாத்திக்கிச்சு போலிருக்குன்னு கேட்டேன்.”

கூட்டம் சிரித்தது. விங்கா மறுபடி அண்ணாந்து பார்த்தாள். குரலை இறக்கிக் கேட்டாள். “அத்தை, நிஜமாவே அலமாரிதான் பிரச்சினையா? போர்வை கொண்டுவந்து நானே மூடறேன்.”

மூக்கு பேசியது.

“காலைல என் வீட்டைப் படம் எடுத்தியே, என்னைக் கேட்டியா?”

“வீட்டைத்தானே எடுத்தேன், வெளியிலேர்ந்து…”

“துணிக்கொடியில என் உள்பாவாடை தொங்கிச்சு. அது இப்ப உன் மிஷின் வயித்துல இருக்கு. நீ வந்து எத்தனை மாசம் ஆச்சு? என் வாசல் வழியா தினம் அந்த வண்டியை உருட்டிட்டுப் போறே. ஒரு நாள் மேல வந்து ஒரு காப்பி குடிச்சியா? உன் அம்மா கல்யாணத்துக்கு அத்திப்பழ ரொட்டி சுட்டது யாரு?”

எங்கள் ஊரில் இதற்குப் பதில் கிடையாது. எதற்கும் முதலில் மேலே போய்க் காப்பி குடிக்க வேண்டும். அவளுக்கு டப்ளினில் மறந்துபோனது வெயில் மட்டுமில்லை.

அவள் மேலே போனாள். அப்போதுதான் அந்தக் கலோஜெரா படகிலிருந்து இறங்கினார். சுருக்கம் விழாத சட்டை, கையில் சின்ன மின்விசிறி. ஃப்ரானே அவரை என் கடை நிழலில் உட்காரவைத்து எலுமிச்சைத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான்.

“பொண்ணு எங்கே?” என்றார்.

“காப்பி குடிக்கப் போயிருக்கா சார்.”

“இப்பவா?”

“இப்ப குடிச்சாத்தான் உண்டு.”

மேலே என்ன நடந்தது என்று எனக்குத் தோப்ரிலாவே பிறகு சொன்னாள். ஆகவே பாதியைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள். காப்பி குடித்தார்கள். அலமாரியைப் பார்த்தார்கள். தோப்ரிலா கேட்டாளாம்: “அந்த மத்தி டப்பாவை ஆகாயத்துல தொங்கவிடறியே, அந்த மாதிரி எதை வேணா தொங்கவிடலாமா?” விங்கா ஆமாம் என்றிருக்கிறாள். “அப்ப என் வீட்டு மேலே ஒண்ணு எழுது. கடல் பாத்த அறை வாடகைக்கு, குளியலறை தனி. கீழே என் ஃபோன் நம்பர்.”

விங்கா சரி என்றதும் தோப்ரிலா திறந்தாள். பச்சைக் கதவுகள் படார் படாரென்று சுவரில் மோதின. தெரு முழுக்கப் பெருமூச்சு. ஆனால் எங்கள் தெருவில் ஒருத்திக்கு ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்தவள் சும்மா இருப்பாளா? விங்கா படி இறங்குவதற்குள் வாசலில் வரிசை நின்றது. எனக்கும் இரண்டு அறை இருக்கிறது, நாய் கொண்டுவரலாம் என்று போடு. எங்கள் வீட்டில் காலைச் சிற்றுண்டி உண்டு, எழுத்து அவளுடையதைவிடப் பெரிதாக இருக்கட்டும். எழுதினால்தான் ஜன்னல் திறப்பேன். விங்கா குழந்தை வண்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். “குளிர்சாதனம் உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்க. வேற கதை வேண்டாம்.” நானும் என் தங்கை வீட்டு மாடியைச் சொன்னேன். கேட்டதில் என்ன தப்பு?

இப்படியாக எங்கள் கடற்கரை முழுக்க ஜன்னல் திறந்தது. திரையில் ஒவ்வொரு கூரைக்கு மேலும் ஓர் அறிவிப்பு நின்றது, நட்டுவைத்த மாதிரி அசையாமல். மத்தி டப்பா துறைக்கு மேலே கம்பீரமாகச் சுற்றியது. மேட்டுத்தெரு படகுமேல் சிவப்புக்கொடி, துறைத்தெரு படகுமேல் நீலக்கொடி. துறை முனையிலிருந்து சிலுவைப் பாறை வரை தண்ணீர்மேல் ஒரு மஞ்சள் கோடு, அலை எழுந்தாலும் இறங்காமல். கலோஜெரா மின்விசிறியை நிறுத்தினார்.

“இவ்வளவையும் அந்தப் பிள்ளை வண்டியிலிருந்தா?”

“ஆமாம் சார்,” என்றாள் விங்கா. முதல் தடவையாக அன்றைக்கு அவள் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

“அறை வாடகை விளம்பரம் எல்லாம் எதுக்கு?”

“அதுதான் மின்சாரம் மாதிரி சார். அது இல்லாம ஓடாது.”

துப்பாக்கி வெடித்தது. படகுகள் கிளம்பின. ஜெயிக்கப்போவது யார் என்று கடைசி வரை தெரியாத போட்டி. அந்த மாதிரி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் ஒருவன் திரையைப் பார்த்து, “நம்ம கொடி முன்னால போவுது!” என்றான். அவன் எதிரே நிஜப் படகு போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. பாதி ஊர் என் கடையின் திரைக்கு முன்னால் நின்றது. டப்ளினில் ஒரு மதுக்கடை நிறைய எங்கள் பிள்ளைகள், சிலியில் ஒரு சங்கக் கட்டடம் நிறையக் கிழவர்கள், எல்லோரும் அதே திரையில்தான் பார்த்தார்கள்.

துறைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது தோப்ரிலா வீட்டு மேல்மாடியில் ஓர் அசைவு. அந்த அறையில் யித்கா என்றொரு செக் நாட்டுப் பல் மருத்துவர் தங்கியிருந்தாள். முந்தின நாள் வெயிலில் கிடந்து இறால் மாதிரி சிவந்துபோய், மத்தியானம் முழுக்க இருட்டில் தூங்கியவள். முகத்தில் வெயில் விழுந்ததும் எழுந்தாள். திட்டிக்கொண்டே கை நீட்டி, மூன்று ஜன்னல்களின் கதவுகளையும் ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தினாள்.

அதைப் பார்த்த அடுத்த வீட்டுக்காரி, தோப்ரிலா வீட்டில் சாத்துகிறார்கள் என்று தன்னுடையதையும் சாத்தினாள். அவ்வளவுதான். பழக்கம் பழக்கம்தான். படபடவென்று தெரு முழுக்க.

“வேண்டாம்,” என்றாள் விங்கா மெல்ல, யாருக்கும் கேட்காமல். பிறகு எல்லோருக்கும் கேட்க: “சாத்தாதீங்க!”

திரையில் ‘நாய் கொண்டுவரலாம்’ கடலில் இறங்கியது. ‘குளியலறை தனி’ சாமியார் தலைமேல் போய் நின்றது. அவர் கையில் புனித ரோக்குவின் சிலை வேறு. மத்தி டப்பா பெப்போ மாமாவை மூடியது. மஞ்சள் கோடு குடித்தவன் நடை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த பக்கம் மேட்டுத்தெரு படகு. கோடு அவர்களைத் தேடிவந்து தொட்ட மாதிரி, டிவியில் மேட்டுத்தெரு முதலில் கடந்தது.

டப்பாவுக்கு உள்ளேயிருந்து பெப்போ மாமாவின் குரல் மட்டும் வந்தது. “துறைத்தெரு. ஒரு மூக்கு வித்தியாசம்.”

சொல்ல வேண்டுமா? மேட்டுத்தெருக்காரர்கள் திரையைக் காட்டினார்கள், துறைத்தெருக்காரர்கள் மாமாவைக் காட்டினார்கள். டப்ளினிலிருந்து ஃபோன், சிலியிலிருந்து ஃபோன், நாங்கள் கண்ணால் பார்த்தோம் என்று அவர்கள். நீங்கள் பார்த்தது மத்தி டப்பாவை என்று இவர்கள். என் மைத்துனனும் அவன் மாமனாரும் இன்றுவரை பேசுவதில்லை.

கலோஜெரா எழுந்தார். “பாப்பா, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு அம்மா மனசு வச்சாத்தான் ஓடும், ஒருத்தி தூங்கி எழுந்தா நின்னுடும்னா நான் எப்படி ஒப்பந்தம் போடறது?”

“இன்னொரு தடவை சார். சாத்தினதையும் பழக்கிடறேன். பாதி சாத்தினதையும்.”

“பழக்கிட்டுச் சொல்லு. ஆனா இந்த வருஷப் பட்டியல் நாளைக்கு முடியுது.”

அவர் படகுக்குப் போனார். விங்கா வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், எண்ணுகிற மாதிரி.

கோபம் வந்தது ஃப்ரானேவுக்குத்தான். “யாரு அந்தச் செக் நாட்டுக்காரி? இரு, கேட்டுட்டு வரேன்.” தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தோப்ரிலா வீட்டுப் படியில் தடதடவென்று ஏறினான். மாடியில் அவன் கத்துவது கேட்டது. பிறகு அவள் கத்துவது கேட்டது. அவன் பாஷை அவளுக்குப் பாதி புரியும், அவள் பாஷை இவனுக்குப் பாதி. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. நான் கடையை மூடுகிற வரை அவன் இறங்கி வரவில்லை. இறங்கியபோது கையில் ஒரு தட்டு, அதில் பாலாடைக்கட்டி வைத்த செக் பணியாரம். பல்லில் ஏதோ சொத்தையாம், அவள் பார்த்துச் சொன்னாளாம்.

விங்கா மறுநாளே தோப்ரிலா வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனாள். அடுத்த வீட்டுக்கும் போனாள். தெரு முழுக்க ஒவ்வொரு வீடாக, திறந்த ஜன்னல், சாத்திய ஜன்னல், ஒரு கதவு மட்டும் திறந்த ஜன்னல் எல்லாவற்றையும் கேட்டுக்கேட்டுப் படம் பிடித்தாள். துணிக்கொடியில் தொங்கிய உள்பாவாடைகளை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான். செப்டம்பர் வந்தது. டப்ளின் கம்பெனிக்குப் பதில் எழுதாமலே விட்டாள் என்று அவள் அம்மா புலம்பினாள். கையில் வேலையில்லை, வந்த கோட்டுகள் இரண்டும் ஆணியில் தொங்குகின்றன என்றாள். எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

ஆனால் அந்தத் திருநாள் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கலோஜெராவின் மேசைக்கு எத்தனை கரையோர ஊர்களிலிருந்து ஃபோன் போனதென்று தெரியாது. கோட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையாம். எங்கள் ஊர் விழாவிலும் கூரைமேல் அறை வாடகை விளம்பரம் தொங்கவிட முடியுமா என்றுதான் எல்லோரும் கேட்டார்களாம். தோப்ரிலாவுக்கு அடுத்த கோடை முழுக்க இடம் நிரம்பிவிட்டது. வசந்தத்தில் கலோஜெராவே மறுபடி வந்தார், இந்த முறை கடும் வெயிலில், ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும்போது. கேமராவை வைத்துப் பார்த்தார்கள். டப்பா அசையவில்லை. மணிக்கூண்டு மணிக்கூண்டாகவே இருந்தது. ஒப்பந்தம் போட்டார்.

கோடு மட்டும் இல்லை. பெப்போ மாமா கேட்டுக்கொண்டார், விங்காவும் சரி என்றுவிட்டாள். அதற்குப் பதில் போட்டியின்போது அவர் தலைக்கு மேலே ‘நடுவர்’ என்று காற்றில் எழுதி நிற்கும். அவர் அன்றைக்கு மட்டும் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு உட்காருகிறார்.

ஃப்ரானே அந்தக் குளிர்காலத்திலேயே யித்காவைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் ஊரான பர்னோவுக்குப் போய்விட்டான். அங்கே ஜன்னலுக்கு மரக்கதவு கிடையாதாம், வெயிலும் கிடையாதாம். நான் விங்காவோடு சேர்த்துச் சொன்னது தவறிப்போனதில் எனக்கு வருத்தம்தான். விங்காவுக்கு இருந்த மாதிரி தெரியவில்லை. புதுக் கேமராக்காரியைப் பிடித்துக்கொண்டாள், மேட்டுத்தெரு பேக்கரிக்காரன் மகள்.

தோப்ரிலா வீட்டு மேல்மாடி அறை இப்போது சுற்றுலாக்காரர்களுக்கு இல்லை. அந்தக் கோடை முடிந்ததும் விங்கா அதை வருஷம் முழுக்க வாடகைக்கு எடுத்துக்கொண்டாள், குளியலறை தனி. அந்த இரண்டு கோட்டுகளும் மாமியாரின் வாதுமை அலமாரிக்குள் போய்விட்டன. வெயில் திரும்பியதும் மூன்று ஜன்னலையும் அவளே சாத்துகிறாள். அவளைப் பார்த்துத்தான் இப்போதெல்லாம் தெரு சாத்துகிறது.